அன்றாடங்காய்ச்சியின் ஆமென்: உபாகமம் 28ஆம் அதிகாரமும் பூந்தமல்லிப் பக்கத்து அச்சமும்

1

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்குப் போனவர்களுக்கு அந்தத் தட்டு தெரிந்திருக்கும். வசனம் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்துப் போட்டு நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவரவருக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் அது. உபாகமம் 28ஆம் அதிகாரத்துக்கு இந்தத் தட்டில் எப்போதும் இடமுண்டு. நீ தலையாக இருப்பாய், வாலாகப் போகமாட்டாய் என்ற பொருளில் வரும் 13ஆம் வசனத்தை ஆட்டோக்களின் முதுகிலும் வீட்டு நிலைகளுக்கு மேலும் பார்க்கலாம்.

ஆனால் அந்த அதிகாரத்தில் 68 வசனங்கள் இருக்கின்றன. ஆசீர்வாதம் 14ஆவதோடு முடிந்துவிடுகிறது. மிச்சம் 54ம் சாபம்தான். அந்த 54இலிருந்து ஓர் அட்டைகூட எந்தத் தட்டிலும் கிடைக்காது. யார் அச்சடிப்பார்கள் அதை?

பட்டரவாக்கத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் இந்த அதிகாரத்தை முழுசாகப் படிக்கக் கேட்டேன். விசுவாசியாக அல்ல, அந்த வீட்டுக்காரரின் தொழிற்சங்க நண்பனாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் ஒரு பெண் வாசித்துக்கொண்டு வந்தார். 66, 67ஆம் வசனங்கள் வந்ததும் நிறுத்திவிட்டார். உன் உயிர் உன் கண்முன் ஊசலாடும், இரவும் பகலும் திகிலில் இருப்பாய், உன் உயிர் உனக்கு நிச்சயமில்லை, விடிந்தால் எப்போது சாயங்காலம் ஆகும் என்பாய், சாயங்காலம் ஆனால் எப்போது விடியும் என்பாய் - சாரம் இதுதான்.

"இதுல என்னண்ணா புதுசா இருக்குது? எங்க கான்ட்ராக்ட் பேப்பர் மாதிரில்ல இருக்குது" என்றார் அவர் என் பக்கம் திரும்பி.

கூட்டத்தை நடத்திய பெரியவர் சிரிக்கவில்லை. "அது கீழ்ப்படியாதவங்களுக்குச் சொன்னதும்மா" என்றார்.

"நாங்க யாருக்குங்கய்யா கீழ்ப்படியல?"

யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த பாட்டைப் பாடிவிட்டார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சிதான்.

2

சாபம் எந்தக் காலத்தில், எந்த அதிகாரத்தின் நிழலில் எழுதப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கி.மு. 672இல் அசீரியப் பேரரசன் எசர்ஹத்தோன் தனக்குப் பின் தன் மகன் அசூர்பனிபால்தான் அரசன் என்று தனக்குக் கீழ்ப்பட்டவர்களிடமெல்லாம் சத்தியம் வாங்கினான். அந்தச் சத்தியம் களிமண் பலகைகளில் எழுதப்பட்டது. பலகைகள் 1955இல் ஈராக்கின் நிம்ருத் அகழ்வில் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன, 1958இல் பதிப்பிக்கப்பட்டன. துருக்கியின் தெல் தாயினாத்தில் 2009இல் இன்னொரு பிரதி ஒரு கோயிலுக்குள்ளேயே கிடைத்தது. அதாவது, மிரட்டல் சாசனத்தைச் சாமி இருக்கும் இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சாசனத்தில் கட்டளைகள் உண்டு. அசூர்பனிபாலை உன் உயிரைப்போல நேசி என்பது அதில் ஒன்று. மீறினால் வரப்போகும் சாபங்களின் பட்டியலும் உண்டு. நிலம் இரும்பாகும், பித்தளை வானத்திலிருந்து மழை வராது, பெற்ற பிள்ளையின் சதையைத் தின்பாய் என்று அது போகிறது. உபாகமம் 28ஐப் படித்தவர்களுக்கு இதெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். 23ஆம் வசனத்தில் தலைக்கு மேலே வானம் வெண்கலம், காலுக்குக் கீழே பூமி இரும்பு. யூதா நாட்டு அரசன் மனாசே எசர்ஹத்தோனுக்குக் கப்பம் கட்டியவர்களில் ஒருவன் என்பது அசீரியக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. உபாகமக்காரர்கள் இந்தச் சாசனத்தைப் பார்த்து எழுதினார்களா, அல்லது அன்றைக்கு மேற்காசியா முழுக்கப் புழங்கிய சாப மரபிலிருந்து எடுத்துக்கொண்டார்களா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. எப்படியிருந்தாலும் அந்தக் காலத்துப் பேரரசு பேசிய பாஷை இது என்பதில் சந்தேகமில்லை.

இதை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். அடிமைப்பட்டவர்கள் பேரரசனின் மிரட்டல் மொழியைப் பிடுங்கித் தங்கள் கடவுளின் வாயில் வைத்தார்கள், அதன்மூலம் எங்கள் விசுவாசம் உனக்கில்லை என்று பேரரசனிடம் சொன்னார்கள் என்பது ஒரு வாசிப்பு. எஜமானனை எதிர்த்தவர்கள் எஜமானனின் சொல்லாடலையே உள்வாங்கிக் கடவுளையும் ஒரு பேரரசனாக ஆக்கிவிட்டார்கள் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் உண்மையென்றே படுகிறது. ஒடுக்கப்பட்டோர் பிரதிகளில் கலகமும் போலிசெய்தலும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டிருப்பது அதிசயமல்ல.

ஆனால் 66, 67ஆம் வசனங்களுக்கு வரும்போது தொனி மாறுகிறது. வெட்டுக்கிளி, கொள்ளை நோய், முற்றுகை எல்லாம் வெளியே இருந்து வருபவை. இங்கே சாபம் உள்ளே வந்துவிட்டது. இன்ன கெடுதல் வரும் என்றில்லை. எது வரும் என்று தெரியாமல் இருப்பதே கெடுதல். இது மிரட்டுகிறவன் எழுதக்கூடிய வரி இல்லை, மிரட்டப்பட்டவன் எழுதியது. கி.மு. 587இல் எருசலேம் விழுந்து ஜனங்கள் நாடுகடத்தப்பட்ட பிறகு இந்த அதிகாரத்தின் கடைசிப் பகுதி சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் எனப் பல ஆய்வாளர்கள் கருதுவது பொருத்தமாகவே இருக்கிறது.

எபிரேய மூலத்தில் இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று 'தலூயீம்'. தொங்குவது, மாட்டிவைக்கப்பட்டிருப்பது என்று பொருள். உயிர் உடம்புக்குள் இல்லை. எதிரே, கை எட்டாத தூரத்தில் தொங்குகிறது. இன்னொன்று, உன் உயிரை நம்பமாட்டாய் என்ற இடத்தில் வரும் வினைச்சொல். அதன் வேர்தான் 'ஆமென்' என்ற சொல்லுக்கும் வேர். உறுதியானது, சாய்ந்துகொள்ளத் தக்கது என்கிற பொருள் அந்த வேருக்கு. ஆக, இந்த வசனத்தின்படி அச்சம் என்பது தன் வாழ்க்கைக்குத் தானே ஆமென் சொல்ல முடியாத நிலை.

3

இந்த வசனத்தைத் திருச்சபைப் பிதாக்கள் எடுத்துக்கொண்ட விதம் வேறு. உயிர் தொங்கும் என்ற சொல் அவர்களுக்கு உடனே சிலுவையை ஞாபகப்படுத்தியது. இரண்டாம் நூற்றாண்டின் இரினேயஸ் முதற்கொண்டு அதைக் கிறிஸ்துவைப் பற்றிய முன்னறிவிப்பாகவே வாசித்தார்கள். அச்சம் காணாமல் போய், அடையாளம் மட்டும் மிஞ்சியது.

யூத ரப்பிகளின் வாசிப்பு தரையில் நிற்கிறது. கி.பி. 500 வாக்கில் தொகுக்கப்பட்ட பாபிலோனியத் தல்மூதில், மெனஹோத் என்கிற பகுதியில் ஒரு விளக்கம் வருகிறது. வசனத்தில் மூன்று வாக்கியத் துண்டுகள் இருக்கின்றன அல்லவா? அவை மூன்று பேரைக் குறிக்கின்றன என்கிறது அது. உயிர் ஊசலாடுகிறவன் யார்? வருஷத்துக்கு வேண்டிய தானியத்தை விலைக்கு வாங்குகிறவன். இரவும் பகலும் பயப்படுகிறவன் யார்? வாரா வாரம் வாங்குகிறவன். உயிரில் நம்பிக்கையே இல்லாதவன் யார்? ரொட்டிக் கடைக்காரனை நம்பிப் பிழைக்கிறவன்.

அவ்வளவுதான் விளக்கம். பாவம் என்ன, கீழ்ப்படியாமை என்ன என்று அது கேட்கவே இல்லை. உனக்கும் உன் சாப்பாட்டுக்கும் இடையில் எத்தனை நாள் தூரம் என்று மட்டும் கேட்கிறது. அச்சத்தை மனசிலிருந்து எடுத்துக் குதிருக்குள் போட்டுவிட்டது. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சொந்த நிலம் வைத்து விளைத்துச் சாப்பிடுகிறவன் இந்த மூன்று பேரில் இல்லை. ஒரு வருஷத் தானியத்தை முன்கூட்டியே வாங்கிப் போடுகிற வசதிக்காரனும் நிலமில்லாவிட்டால் சாபத்துக்குள்தான் இருக்கிறான்.

மூன்றாவது ஆளுக்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: அன்றாடங்காய்ச்சி. நித்திய கண்டம் பூரண ஆயுசு என்று சொல்வோமே, அது அவன் ஜாதகம். அவனுக்குச் சாப்பாடு போடுகிறவனுக்கும் நாம் ஒரு சொல் வைத்திருக்கிறோம்: படியளக்கிறவன். கடவுளையும் அப்படிச் சொல்கிறோம், முதலாளியையும் அப்படியே சொல்கிறோம். உபாகமத்துக்காரர்கள் பேரரசனின் மொழியைக் கடவுளுக்குக் கொடுத்தார்கள் என்று அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

67ஆம் வசனத்துக்கும் தல்மூதில், சோத்தா பகுதியில், ஒரு விசாரணை நடக்கிறது. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சாபம் கூடும் என்று ரவா என்ற ரப்பி சொல்கிறார். அப்படியானால் காலையில் எழுந்து சாயங்காலம் வேண்டும் என்கிறானே, எந்தச் சாயங்காலம்? வரப்போவதா? அது எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்! அதனால் போன சாயங்காலத்தைத்தான் கேட்கிறான். நேத்தே தேவலாம் என்கிற புலம்பல் இது. எதிர்காலம் பிடுங்கப்பட்டவனுக்கு நேற்றைய கஷ்டம்கூட ஆசைப்படத்தக்கதாகிவிடுகிறது. அரசியலில் பழம்பெருமை பேசுகிறவர்கள் பின்னால் பயந்த ஜனங்கள் ஏன் போகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

4

இப்போது பூந்தமல்லிக்கு வரலாம்.

கர்நாடக நவாபிடமிருந்து 1763இல் கம்பெனி பெற்ற செங்கல்பட்டு ஜாகீருக்குள் இந்தப் பக்கமும் வந்தது. அதே காலத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கிழக்கு முனைக்குப் பக்கத்தில், வேப்பேரியில், லுத்தரன் மிஷனரி பப்ரிசியஸ் பழைய ஏற்பாட்டின் தமிழைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். 1742 முதல் 1791இல் சாகும் வரை அவருக்குச் சென்னைதான் இருப்பிடம். 1758 டிசம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட வந்தபோது வேப்பேரி மிஷன் கொள்ளை போனது. அவர் பழவேற்காட்டுக்கு ஓடினார். பிற்காலத்தில் கடன் வழக்கில் சிறைக்கும் போனார். தமிழில் உபாகமத்தின் திகிலுக்குச் சொல் தேடியவர் திகில் அறியாதவர் இல்லை.

ஹைதர் அலியின் படை 1780 ஜூலையில் கர்நாடகத்துக்குள் இறங்கியது. குதிரைப்படை சென்னையின் புறநகர் வரை வந்தது. செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது. கிராமத்து ஜனங்கள் கோட்டையைப் பார்த்து ஓடிவந்தார்கள். பின்னாலேயே பஞ்சம். 1782இல் பட்டினிக்காரர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கப்பட்ட இடம்தான் மணியக்காரர் சத்திரம். ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னைக்காரர்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வது அந்த ஞாபகம். விளைநிலத்துக்கு நடுவே இருந்தவர்கள் இரண்டே வருஷத்தில் தொட்டிக் கஞ்சியை நம்பி நிற்கிறார்கள். ரப்பி சொன்ன மூன்றாவது படி இது.

ஆனால் போரும் பஞ்சமும் வந்து போகிறவை. அன்றாடத் திகில் மிராசு முறையில் இருந்தது. செங்கல்பட்டு ஜில்லாவில் நிலத்தில் உழைத்த பறையர்களில் பலர் படியாட்கள். படி அளந்து கூலி வாங்குகிறவன் படியாள். வயல் மட்டுமல்ல, குடிசை நிற்கும் மனைகூடப் பல இடங்களில் மிராசுதாரன் பிடியில். கூலி கூடக் கேட்டால், கோர்ட்டுக்குப் போனால், வேதத்தில் சேர்ந்தால் குடிசையைப் பிடுங்கலாம். பிடுங்க வேண்டும் என்றுகூட இல்லை. பிடுங்கலாம் என்பது போதும். உயிர் எதிரே தொங்குவது என்றால் இதுதான்.

செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு இதைத்தான் அரசாங்கத்தின் முன் வைத்தது. நிலமும் குடிமனையும் இல்லாமல் விடுதலை இல்லை என்பது அதன் அடிப்படை. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் அரசாணை, பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதற்கு வழி செய்தது. இந்த நிலங்களில் பெரும்பகுதி பிறகு கைமாறிப் போனதும், அதை மீட்கக் கேட்டு 1994இல் காரணை மக்கள் போராடியபோது செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு இருவர் செத்ததும் நமக்குத் தெரியும். பஞ்சமி நிலக் கோரிக்கையை நான் ரப்பிகளின் பட்டியலோடு சேர்த்து வாசிக்கிறேன். ஒரு படியிலிருந்து மேல்படிக்கு ஏறுகிற கோரிக்கையல்ல அது; பட்டியலைவிட்டே வெளியேறுகிற கோரிக்கை. துப்பாக்கி ஏன் வந்தது என்பது இப்போது விளங்கும்.

5

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. எசர்ஹத்தோன் பலகைகள் நிம்ருத்தில் வெளிவந்த அதே வருஷம். தற்செயல்தான். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அறுபதுகளில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. படியாள் வீட்டுப் பிள்ளை ஐ.டி.ஐ. படித்து உள்ளே போனான். சோஷலிசம் வந்ததா என்பதை விடுங்கள். மாசம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., பென்ஷன் என்பது அந்தக் குடும்பங்களில் முதல்முறையாக ஒருத்தர் தன் வாழ்க்கைக்கு ஆமென் சொன்ன சம்பவம். 'பர்மனென்ட்' என்ற இங்கிலீஷ் சொல் இந்தப் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரு இறையியல் சொல். பெண் கொடுக்கிறவர்கள் முதலில் கேட்டதே அதைத்தான்.

அந்தச் சொல் எப்படித் தேய்ந்தது என்பதை இந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் 1970இல் சட்டம் வந்தது. ஒழிந்தது எது என்று எஸ்டேட் வாசலில் ஷிப்ட் மாறும்போது நின்று பார்த்தால் தெரியும். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, குறித்த கால வேலை என்பதையே சட்டமாக்கியது. 2021 அக்டோபர் 1 முதல் நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாக்கப்பட்டன. ஆவடித் தொழிற்சாலை அதில் ஒன்றுக்குள் போனது. அதற்கு முன்பே, அந்த ஜூன் மாதம், வேலைநிறுத்தத்தைத் தடை செய்ய ஓர் அவசரச் சட்டம் வந்துவிட்டது. சாசனமும் சாபமும் சேர்ந்தே வரும் என்பது எசர்ஹத்தோன் காலத்து நடைமுறை.

2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவித்தார்கள். நாலு மணி நேரம் அவகாசம். அன்றைக்கு இந்தப் பகுதியின் ஷெட்டுகளில் இருந்த ஒடிசா, பீகார்த் தொழிலாளிகளில் பலருக்கு இங்கே ரேஷன் கார்டு இல்லை. மெஸ்ஸில் சாப்பாடு. மெஸ் மூடினால் அடுப்பு இல்லை. ரொட்டிக் கடைக்காரனை நம்பியவன் என்று ரப்பி சொன்னதற்கு உரை எழுத வேண்டிய அவசியம் அந்த ராத்திரிக்குப் பிறகு இல்லை. அவர்களுக்குப் பக்கத்து வீட்டிலேயே இருந்த தமிழ்க் குடும்பத்துக்கு, அத்தனை கஷ்டத்திலும், ரேஷன் அரிசி இருந்தது. 2011 ஜூனிலிருந்து அது விலையில்லாமலே வருகிறது. ஒரே சந்தில் ஒரே வைரஸ். ஆனால் ஒரே அச்சமில்லை. நடுவில் இருந்த வித்தியாசம் விசுவாசமா? ஒரு அட்டை. அச்சம் விதியல்ல, அளந்து ஊற்றப்படுவது என்பதற்கு இந்த ஒரு உதாரணம் போதும். அளந்து ஊற்றுவதை நிறுத்தவும் முடியும்.

6

தலித் இறையியலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான அர்விந்த் நிர்மல், கீழ்ப்பாக்கம் குருகுல் கல்லூரியில் இருந்தவர், உபாகமம் 26ஆம் அதிகாரத்தைத் தலித்துகளின் விசுவாச அறிக்கையாக எடுத்துக்கொண்டார். எங்கள் தகப்பன் நாடோடி, எங்களை ஒடுக்கினார்கள், கூப்பிட்டோம், கேட்டார் என்ற பொருளில் போகிற பகுதி அது. அவருடைய தேர்வு சரியானது. ஆனால் இரண்டு அதிகாரம் தள்ளி, அதே புத்தகம், விடுவிக்கப்பட்டவர்களையே மிரட்டுகிறது. 26ஐ எடுத்துக்கொண்டு 28ஐ விட்டுவிட முடியாது. விட்டால் அதைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நீ பயந்துகொண்டிருக்கிறாயா, அப்படியானால் நீ எங்கேயோ கீழ்ப்படியவில்லை என்பார்கள். சாபத்தின் வர்ணனை உண்மை. அது சொல்லும் காரணம் பொய். பாதிக்கப்பட்டவனையே குற்றவாளியாக்கும் இந்தத் திருப்பத்தைத்தான் நாம் கட்டவிழ்க்க வேண்டும். வேதத்துக்கு வெளியே போய் அல்ல, உள்ளேயே. ரப்பிகள் ஏற்கெனவே அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

அதிகாரத்தின் கடைசி வசனம் 68. மறுபடி எகிப்துக்குக் கப்பலில் போவீர்கள், அங்கே உங்களை நீங்களே அடிமைகளாக விற்க நிற்பீர்கள், வாங்க ஆளிருக்காது. 54 சாபத்தின் உச்சம் அடிமைத்தனம் இல்லை. அடிமையாகக்கூட யாரும் எடுத்துக்கொள்ளாத நிலைதான் உச்சம். விடியற்காலை ஆறு மணிக்கு டிபன் தூக்கோடு சந்திப்பில் நின்று, பத்து மணிக்கு அதே தூக்கோடு வீடு திரும்பும் சித்தாளுக்கு இது புரியும்.

பட்டரவாக்கத்துக் கேள்விக்கு வருகிறேன். யாருக்குக் கீழ்ப்படியவில்லை? எனக்குத் தெரிந்த பதில் இதுதான். எல்லாருக்கும் கீழ்ப்படிந்தார்கள். மிராசுதாரனுக்கு, மேஸ்திரிக்கு, கான்ட்ராக்டருக்கு. கீழ்ப்படிந்துகொண்டே இருப்பதற்காகத்தான் உயிரை எதிரே தொங்கவிட்டார்கள். அச்சம் கீழ்ப்படியாமைக்குத் தண்டனையில்லை, கீழ்ப்படிதலின் கூலி.

போன மாசம் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவருடைய ஒப்பந்தத்தை இன்னும் மூணு மாசத்துக்கு நீட்டியிருக்கிறார்கள். அந்த வசனத்தைப் பற்றிப் படித்ததையெல்லாம் சொன்னேன். ரொட்டிக் கடைக்காரன் கதையை மட்டும் இரண்டு தரம் கேட்டார். "அந்த ரப்பி எந்த யூனியன்ணா?" என்றார்.